தற்காலிக விசாவும் சம்பளப் பிடித்தமும்: அமெரிக்காவில் யாருக்கு ஃபைக்கா உண்டு, யாருக்கு இல்லை

அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தில், ஒரே வேலையில், ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளத்தில் இரண்டு பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அங்கேயே எம்.எஸ். முடித்துவிட்டு, படித்த துறையில் தற்காலிகமாக வேலை செய்ய விடும் ஓபிடி அனுமதியில் வேலைக்கு வந்தவர், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர். மற்றவர் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவர். வருமான வரியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், மாணவரின் கைக்கு ஆண்டுக்கு 6,120 டாலர் கூடுதலாக வர வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சம்பளம் கணக்கிடும் பேரோல் மென்பொருளுக்கு இது தானாகத் தெரியாது. புதிய ஊழியரைப் பதிவு செய்யும்போது யாராவது ஒருவர் விசாவைப் பார்த்து, விலக்குக்கான கட்டத்தில் டிக் செய்தால்தான் பிடித்தம் நிற்கும். செய்யாவிட்டால் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்காத மாணவருக்கு அது தெரியவே தெரியாது.

அந்த 6,120 டாலர், ஃபைக்கா என்ற சம்பள வரி. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், ஆக 7.65 சதவீதம் ஊழியரின் சம்பளத்திலிருந்து போகிறது. அதே அளவை நிறுவனமும் தன் பங்காகக் கட்டுகிறது. சோஷியல் செக்யூரிட்டிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு: 2025-ல் 1,76,100 டாலர், 2026-ல் 1,84,500 டாலர். அதற்கு மேல் வாங்கும் சம்பளத்தில் அந்த 6.2 சதவீதம் பிடிக்க மாட்டார்கள். மெடிகேருக்கு வரம்பு கிடையாது. சம்பளம் 2,00,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு இன்னொரு 0.9 சதவீதம் சேரும். அதில் நிறுவனத்துக்குப் பங்கில்லை. இவை போக ஃபூட்டா என்கிற வேலையிழப்புக் காப்பீட்டு வரி இருக்கிறது. அது முழுக்க நிறுவனத்தின் கையிலிருந்து போவது. ஊழியர் ஒருவரின் முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு மட்டுமே என்பதாலும், மாநில வரி கட்டியதற்கான கழிவு கிடைப்பதாலும், பெரும்பாலும் ஆளுக்கு 42 டாலரோடு முடிந்துவிடும்.

இரண்டு கேள்விகளை ஒன்றாக்காதீர்கள்

தற்காலிக விசாக்காரர்களின் சம்பள வரியில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது. வருமான வரி எப்படி என்பதும் ஃபைக்கா உண்டா இல்லையா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், ஊழியர்களும் சரி, நிறுவனத்தின் எச்ஆர் ஆட்களும் சரி.

வருமான வரியில் முதலில் பார்ப்பது நீங்கள் ரெசிடென்டா, நான்-ரெசிடென்டா என்பதை. கிரீன் கார்டு இல்லாதவருக்கு இதை முடிவு செய்வது நாள் கணக்கு. நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அப்புறம் நடப்பு ஆண்டின் நாட்கள் முழுதாக, போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு எனக் கூட்டி 183 வந்தால் ரெசிடென்ட். 1984-ல் வரிச் சட்டத்தில் சேர்த்த விதி இது. அதிலேயே ஒரு விலக்கும் வைத்தார்கள்: எஃப், எம் என்ற படிப்பு விசாக்களிலோ ஜே, கியூ என்ற பரிமாற்ற விசாக்களிலோ இருக்கும் மாணவர்களுக்கு ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை இந்த நாள் கணக்கே ஓடாது. ஜே விசாவில் வரும் ஆசிரியர், ஆய்வாளர், பயிற்சியாளர்களுக்குப் பொதுவாகக் கடைசி ஆறு ஆண்டுகளில் இரண்டு.

ஃபைக்கா வேறு மாதிரி வேலை செய்கிறது. அமெரிக்க மண்ணில் கூலிக்கு வேலை செய்கிற எவரும், எந்த நாட்டவராக இருந்தாலும், ரெசிடென்டாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டியாக வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கப் புள்ளி. விலக்கு வேண்டுமென்றால் உங்களைக் குறிப்பிட்டு விலக்கும் ஒரு விதி சட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது இரு நாட்டு ஒப்பந்தம் ஒன்று இருக்க வேண்டும்.

இதனால்தான் எச்-1பியில் ஆகஸ்ட் மாதம் வந்து இறங்குபவர் அந்த ஆண்டுக்கு வருமான வரியில் நான்-ரெசிடென்டாக இருந்தும், முதல் நாள் சம்பளத்திலிருந்தே ஃபைக்கா கட்டுகிறார். "நான் இன்னும் ரெசிடென்ட் ஆகவில்லையே, எனக்கு ஏன் பிடிக்கிறார்கள்?" என்று கேட்பதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் எச்-1பிக்கு விலக்கு தரும் விதி எதுவும் சட்டத்தில் இல்லை. எல்-1, ஓ-1, டிஎன், ஈ ஆகிய மற்ற வேலை விசாக்காரர்களுக்கும் இதே கதைதான். ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வாங்கி வேலை செய்யும் எச்-4, எல்-2 துணைவர்களுக்கும் விலக்கில்லை. ஜே-1 ஆய்வாளருக்கு விலக்கு இருந்தாலும், ஜே-2வில் வந்து அனுமதி பெற்று வேலை செய்யும் அவர் மனைவிக்கோ கணவருக்கோ கிடையாது. விலக்கு, விசாவின் முதன்மை நோக்கத்துக்காக வந்தவரோடு நின்றுவிடுகிறது.

மாணவர் விலக்கு எங்கிருந்து வந்தது

எஃப், ஜே விசாக்களுக்கான ஃபைக்கா விலக்கு 1961-ல் வந்த ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டத்தின் வழியாக நுழைந்தது. கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக வருபவர்கள் சில ஆண்டுகளில் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்கள் வாங்கவே போகாத ஓய்வூதியத்துக்கு அவர்களிடம் பணம் பிடிப்பது முறையில்லை என்பது அதன் அடிப்படை. அப்போது மெடிகேரே இல்லை, அது 1965-ல் வந்த திட்டம். ஓபிடி என்ற பெயரில் இப்போது நாம் அறிந்த ஏற்பாடு 1992-ல் வந்தது. 2008-ல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டதாரிகளுக்கு 17 மாத நீட்டிப்பு, 2016-ல் அது 24 மாதமானது. ஆக, வளாகத்தில் சில மணி நேரம் வேலை பார்க்கும் மாணவரை மனதில் வைத்து எழுதிய விலக்கு, இன்று மூன்று ஆண்டுகள் முழுநேர மென்பொருள் வேலை பார்ப்பவருக்கும் பொருந்துகிறது.

இது நிறுவனத்துக்கும் லாபம்தான், 7.65 சதவீதம் மிச்சம். இதைக் காட்டித்தான், ஓபிடி ஊழியர்கள் அமெரிக்கப் பட்டதாரிகளைவிட மலிவாகக் கிடைக்கிறார்கள், இந்த விலக்கை எடுக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தபடி இருக்கின்றன. அந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் விலக்கை எடுக்கிறவர்கள், அந்தப் பணத்துக்கு ஈடாக அந்த மாணவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு கட்டிவிட்டு விசா கிடைக்காமல் ஊர் திரும்புகிறவருக்கு அதிலிருந்து ஒரு சென்ட் கூட வராது.

இந்த விலக்குக்கு மூன்று நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும். விசா எஃப், ஜே, எம், கியூ ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். செய்யும் வேலை அந்த விசாவின் நோக்கத்துக்கு உட்பட்டதாக, அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும்; வளாக வேலை, சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாகச் செய்யும் வேலை), ஓபிடி எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவதாக, வருமான வரிக் கணக்கில் நான்-ரெசிடென்டாக இருக்க வேண்டும். மேலே தனித்தனி என்று சொன்ன இரண்டு கேள்விகளும் மாணவர்களின் விஷயத்தில் மட்டும் இந்த மூன்றாவது நிபந்தனையில் வந்து முட்டிக்கொள்கின்றன. குழப்பத்துக்குக் காரணமும் இதுதான்.

ஆறாவது ஆண்டு

ஐந்து ஆண்டுகள் என்றதும் வந்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் காலண்டர் ஆண்டை எண்ணுகிறது. ஆண்டின் எந்தத் துண்டு இருந்தாலும் அது ஒரு முழு ஆண்டு. டிசம்பர் 28-ல் வந்து இறங்கினால் அந்த நான்கு நாளும் ஓர் ஆண்டைத் தின்றுவிடும்.

2021 ஆகஸ்டில் இளநிலைப் படிப்புக்காக எஃப்-1ல் வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021, 22, 23, 24, 25 ஆகிய ஐந்தும் விலக்கு ஆண்டுகள். 2025 மே மாதம் பட்டம் வாங்கி, ஜூனில் ஓபிடியில் சேர்கிறார். அந்த ஆண்டு முழுக்கப் பிடித்தம் இல்லை, அது சரி. 2026 ஜனவரி 1 முதல் அவருடைய நாள் கணக்கு ஓடத் தொடங்குகிறது. முந்தைய ஆண்டுகளின் நாட்கள் சேராது என்பதால் 2026-லேயே 183 நாள் வர வேண்டும். அமெரிக்காவை விட்டுப் போகாமல் இருந்தால் ஜூலை 2 அன்று அந்த எண்ணிக்கை வந்துவிடும். வந்ததும் அவர் ரெசிடென்ட் ஆவது ஜூலை 2 முதல் இல்லை, ஜனவரி 1 முதல். ஃபைக்காவும் ஜனவரி முதல் சம்பளத்திலிருந்தே உண்டு. விசா மாறவில்லை, ஓபிடி அட்டை மாறவில்லை, வேலை மாறவில்லை; ஆண்டு மட்டும் மாறியது. ஆண்டு முழுக்க இருக்கப்போகிறார் என்று தெரிந்தால் ஜனவரியிலேயே பிடிக்கத் தொடங்குவதுதான் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. பின்னால் தெரிந்துகொண்டு ஆறு மாதப் பாக்கியை ஒரே சம்பளத்தில் பிடித்தால், அந்த மாதம் வாடகை கட்டுவதற்கே அந்த இளைஞர் திண்டாடுவார்.

எம்.எஸ். மாணவர்களுக்கு இது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 2023 ஆகஸ்டில் வந்தவருக்கு 2027 வரை விலக்கு. ஸ்டெம் ஓபிடி 2028-லும் தொடர்ந்தால் அந்த ஆண்டு பிடித்தம் வரும். ஆனால் முன்பே எப்போதாவது ஜே-1லோ எஃப்-1லோ வந்து போயிருந்தால் அந்த ஆண்டுகளும் இந்த ஐந்தில் சேரும். பள்ளிப் பருவத்தில் பெற்றோரின் ஜே விசாவில் ஜே-2வாக இருந்திருந்தாலும் கவனிக்க வேண்டும். இளநிலையும் முதுநிலையும் அங்கேயே படித்தவருக்கு ஓபிடி தொடங்கும்போதே விலக்கு முடிந்திருக்கும்.

பிஎச்.டி. மாணவர்கள் ஆறாவது ஆண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு வேறொரு கதவு இருக்கிறது. தான் பதிவு செய்து படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே வேலை செய்யும் மாணவருக்கு, அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும் வெளிநாட்டவராக இருந்தாலும், ஃபைக்கா கிடையாது என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. ஆராய்ச்சி உதவியாளர், வகுப்பு உதவியாளர் வேலைகள் இதில் வரும். படிப்புதான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாரம் 40 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவரை மாணவர் என்று கொள்ள முடியாது என்ற விதியை 2011-ல் மேயோ அறக்கட்டளை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய வழக்கு அது. இந்தப் பிரிவு ஓபிடிக்கு உதவாது, ஏனென்றால் அப்போது நீங்கள் அங்கே வகுப்பில் இல்லை.

எஃப்-1லிருந்து எச்-1பிக்கு மாறும் ஆண்டுதான் சம்பளக் கணக்கில் மிக அழுக்கான ஆண்டு. பெரும்பாலும் அக்டோபர் 1 அன்று அந்தஸ்து மாறும். செப்டம்பர் 30 வரை வேலை செய்ததற்கு ஃபைக்கா இல்லை, அக்டோபர் 1 முதல் உண்டு. அதே நிறுவனம், அதே மேசை என்பதால் பேரோலில் மாற்ற மறந்துபோவது சாதாரணம். இதில் இன்னொரு நுணுக்கம்: அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள்தான். விலக்கு ஆண்டுகள் முடியாதவராக இருந்தால் அவர் அந்த ஆண்டு வருமான வரியில் இன்னும் நான்-ரெசிடென்டே. ஆனாலும் அந்த மூன்று மாதத்துக்கு ஃபைக்கா கட்டுகிறார். இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வயலுக்கு ஒரு விதி, விடுதிக்கு ஒரு விதி

எச்-2ஏ விசாவில் பயிர் வேலைக்கு வருகிறவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வருபவர்கள், ஃபைக்கா முழுவதுமாக விலக்கு. எத்தனை ஆண்டு வந்தாலும், ரெசிடென்ட் ஆனாலும் விலக்குதான். அவர்களுக்காக நிறுவனம் ஃபூட்டாவும் கட்ட வேண்டாம். வருமான வரியைக் கூட சம்பளத்திலேயே பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பிடிக்கலாம். ஆனால் பிடிக்காததால் வரியே இல்லை என்று ஆகாது, ஆண்டு முடிவில் கணக்கு தாக்கல் செய்து கட்ட வேண்டியது கட்டாயம். பல தொழிலாளிகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

எச்-2பி என்றால் விவசாயம் அல்லாத பருவ வேலை: விடுதி, தோட்டப் பராமரிப்பு, நண்டு உரிக்கும் ஆலை போன்றவை. இவர்களும் சில மாதங்களில் திரும்பிப் போகிறவர்கள்தான், சம்பளமும் பெரிதில்லை. ஆனால் முழு ஃபைக்கா உண்டு. (குவாம் தீவில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு மட்டும் தனி விலக்கு இருக்கிறது.) வயலில் தக்காளி பறிப்பவருக்கு ஒரு நியாயமும், விடுதியில் படுக்கை விரிப்பவருக்கு வேறு நியாயமும் ஏன் என்று கேட்டால், கொள்கை சார்ந்த பதில் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. விவசாயத் துறை தனக்கென்று சலுகைகளைச் சட்டத்தில் எழுதி வாங்கிக்கொண்டது, மற்ற துறைகளுக்கு அது நடக்கவில்லை.

வெளிநாட்டு அரசுகளின் தூதரக ஊழியர்கள், உலக வங்கி, ஐ.நா. போன்ற சர்வதேச அமைப்புகளின் வெளிநாட்டு ஊழியர்கள் ஆகியோருக்கும் ஃபைக்கா இல்லை. அது தனி உலகம்.

பத்து ஆண்டு வாசல்

இனி இந்த விஷயத்தில் மனதை உறுத்தும் பகுதி. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வேண்டுமென்றால், வரி கட்டிய சம்பளத்துக்குக் கிடைக்கும் கிரெடிட் என்ற புள்ளிகள் 40 சேர வேண்டும். ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் நான்குதான் கிடைக்கும், எவ்வளவு சம்பாதித்தாலும். அதாவது குறைந்தது பத்து ஆண்டு வேலை. எச்-1பியின் இயல்பான உச்ச காலம் ஆறு ஆண்டு, 24 கிரெடிட். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கும் ஒருவர் ஆறு ஆண்டில் தன் பங்காக 45,900 டாலர் கட்டியிருப்பார், நிறுவனம் இன்னொரு 45,900. அவர் ஊர் திரும்பினால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை, ஓய்வூதியமாகவும் வராது. கட்டி முடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து வரிசையில் நிற்பவர்கள் ஆறு ஆண்டுக்கு மேலும் எச்-1பியை நீட்டிக்கலாம் என்று 2000-த்தில் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கான வரிசை மிக நீளம் என்பதால், அவர்களில் பலர் கிரீன் கார்டு வராமலே 40 கிரெடிட்டைத் தாண்டிவிடுகிறார்கள். அப்படித் தாண்டியவர்கள் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ திரும்பிவிட்டாலும் தம் சொந்த உழைப்புக்கான ஓய்வூதியத்தை அங்கிருந்தபடியே பெற முடியும். இது தெரியாமல், நாட்டைவிட்டுப் போனால் எல்லாம் போச்சு என்று நினைத்திருப்பவர்கள் தம் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கை இணையத்தில் திறந்து கிரெடிட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது. 36 கிரெடிட்டோடு திரும்பத் திட்டமிடுகிறவர், இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போட முடியுமா என்று நிச்சயம் யோசிக்க வேண்டும்.

மற்ற சில நாட்டவர்களுக்கு இந்த இழப்பைத் தடுக்க டோட்டலைசேஷன் ஒப்பந்தம் என்ற இரு நாட்டுச் சமூகக் காப்பீட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 1978-ல் இத்தாலியோடு தொடங்கி, ஜெர்மனி, பிரிட்டன், கனடா, ஜப்பான், தென் கொரியா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று சுமார் 30 நாடுகளோடு அமெரிக்கா இதைச் செய்திருக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு ஜெர்மன் நிறுவனம் தன் பொறியாளரை ஐந்து ஆண்டுக்கு உட்பட்டு அமெரிக்கக் கிளைக்கு அனுப்பினால், அவர் ஜெர்மனியிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற சான்றிதழைக் காட்டினால் போதும், ஃபைக்கா இல்லை. அதே அலுவலகத்துக்குச் சென்னைக் கிளையிலிருந்து எல்-1ல் வருகிறவருக்குப் பிடிப்பார்கள்.

இந்தியா இந்த ஒப்பந்தத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. நாடு முழுவதற்கும் பொதுவாகப் பொருந்தும் ஓய்வூதிய அல்லது சமூகக் காப்பீட்டு முறை உள்ள நாட்டோடுதான் ஒப்பந்தம் போடலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது, இந்தியாவின் பி.எஃப். உழைப்பாளர்களில் ஒரு பகுதியினரை மட்டுமே தொடுகிறது என்பது அமெரிக்கத் தரப்பின் தயக்கம். இந்தியாவும் 2008 அக்டோபரில் தன் பக்கத்திலிருந்து ஒரு நெருக்கடி கொடுத்தது: ஒப்பந்தம் இல்லாத நாட்டிலிருந்து வந்து இந்தியாவில் வேலை செய்யும் வெளிநாட்டவர்கள் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்ட வேண்டும் என்றது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியா ஒப்பந்தம் செய்து முடித்துவிட்டது. 2025-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் எட்டியபோது, அனுப்பப்படும் ஊழியர்களுக்கு மூன்று ஆண்டு வரை இரட்டைப் பிடித்தம் இல்லை என்பதும் கூடவே ஒப்புக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவோடு மட்டும் நகரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். ஒப்பந்தம் நாளைக்கே வந்தாலும் எல்லா எச்-1பி ஊழியர்களுக்கும் பிடித்தம் நின்றுவிடாது. விலக்கு, சொந்த நாட்டு நிறுவனம் அனுப்பி வைத்த ஊழியருக்குத்தான். அமெரிக்க நிறுவனம் நேரடியாக எடுத்த ஊழியர் தொடர்ந்து கட்டுவார். அவருக்கு வரும் நன்மை வேறு: குறைந்தது ஆறு அமெரிக்க கிரெடிட் இருந்தால், இரு நாடுகளிலும் கட்டிய காலத்தைக் கூட்டி 40-ஐ எட்டலாம், கட்டிய விகிதத்துக்கு ஏற்ற ஓய்வூதியம் கிடைக்கும். திரும்பி வருகிறவர்களுக்கு அதுதான் மெய்யான பலன். ஊடகங்களில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஐடி நிறுவனங்கள் மிச்சம் பிடிக்கப்போகும் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். தனிமனிதரின் ஓய்வூதியம் பின்னால் போய்விடுகிறது.

வேலையிழப்புக் காப்பீட்டிலும் இதே வலி சிறிய அளவில் உண்டு. எச்-1பி ஊழியருக்காகவும் நிறுவனம் அந்த வரியைக் கட்டுகிறது. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா மாநிலங்களில் ஊழியரின் சம்பளத்திலிருந்தும் பிடிக்கிறார்கள். ஆனால் வேலை போன பிறகு உதவித்தொகை வாங்க, எங்கும் வேலை செய்யச் சட்டப்படி தயாராக இருக்க வேண்டும். விசா ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டவருக்கு அது எளிதில் முடிவதில்லை.

தவறு நடந்தால் யார் பொறுப்பு

பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டால் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் முதலில் கேட்பது நிறுவனத்தை. ஊழியரின் பங்கையும் சேர்த்து நிறுவனமே கட்ட வேண்டும், பிறகு ஊழியரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டாமல் வேறு செலவுக்கு எடுத்தால், அந்த முடிவை எடுத்த மேலாளரோ உரிமையாளரோ சொந்தப் பணத்திலிருந்து முழுத் தொகையையும் கட்ட நேரிடும். அது அடுத்தவர் பணம் என்பதால் சட்டம் இதில் இரக்கம் காட்டுவதில்லை.

சில சிறு நிறுவனங்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஊழியரை ஒப்பந்தக்காரராகக் காட்டி, ஊழியருக்கான டபிள்யூ-2 படிவம் தராமல், ஒப்பந்தக்காரருக்கான 1099 படிவம் தருகின்றன. எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று நிறுவனம் சொல்கிறது என்றால் அவர் ஊழியர்தான், தாளில் என்ன எழுதியிருந்தாலும். ஸ்டெம் ஓபிடியில் இருப்பவருக்கு இது வரிச் சிக்கலோடு நிற்காது. அந்த அனுமதிக்கு உண்மையான முதலாளி-ஊழியர் உறவு நிபந்தனை என்பதால், விசாவே ஆட்டம் காணும்.

வருமான வரிப் பிடித்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்-ரெசிடென்ட் ஊழியர், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை நிரப்பும்போது மணமானவராக இருந்தாலும் தனியாள் என்றுதான் குறிக்க வேண்டும், 4(சி) பகுதிக்குக் கீழே உள்ள இடத்தில் என்.ஆர்.ஏ. (நான்-ரெசிடென்ட் வெளிநாட்டவர்) என்று எழுத வேண்டும். அவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற, வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் நிலைக் கழிவு கிடையாது. இந்தியாவிலிருந்து சென்ற மாணவர்களுக்கு மட்டும், 1989-ல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவால், அந்தக் கழிவு உண்டு; தனியாளுக்கு 2025-ல் அது 15,750 டாலர். இந்த ஒப்பந்தம் வருமான வரியோடு சரி. அதைக் காட்டி ஃபைக்கா விலக்குக் கேட்க முடியாது.

தவறாகப் பிடித்த ஃபைக்காவைத் திரும்பப் பெற

எஃப்-1ல் இருக்கும்போது பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் முதலில் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு, ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று), ஈஏடி, ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) நகல்களோடு பேரோல் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, 941-எக்ஸ் படிவத்தில் தங்கள் கணக்கைத் திருத்தி, உங்களுக்குத் திருத்திய டபிள்யூ-2சி தருவார்கள். அவர்களுடைய 7.65 சதவீதமும் திரும்பி வரும் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, படிவம் 843-ஐயும் 8316-ஐயும் நிரப்பி, அதே ஆவணங்களின் நகல்களையும் டபிள்யூ-2வையும் சேர்த்து ஐஆர்எஸுக்குத் தபாலில் அனுப்பலாம். நிறுவனம் தரவில்லை என்று ஒரு கடிதம் வாங்க முடிந்தால் அதையும் வையுங்கள். முடியாவிட்டால் கேட்டுப் பார்த்ததை 8316-ல் எழுதினால் போதும். இதை ஆண்டு வருமான வரிக் கணக்கில் சேர்த்துக் கேட்கக் கூடாது. ஒரே ஆண்டில் இரண்டு நிறுவனங்களில் வேலை செய்து சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பைத் தாண்டியவர்கள் கூடுதல் தொகையை வரிக் கணக்கில் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

ஐந்து விலக்கு ஆண்டுகளைத் தாண்டியவர்கள் கேட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பதால், முதலில் காலண்டர் ஆண்டுகளை எண்ணிவிட்டு எழுதுங்கள். பதில் வரப் பல மாதங்கள் ஆகும். முகவரி மாறினால் ஐஆர்எஸுக்குத் தெரிவித்துவிடுங்கள், இந்தியாவுக்குத் திரும்பிவிட்டாலும் விண்ணப்பிக்கத் தடையில்லை. கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். சம்பளம் வாங்கிய ஆண்டுக்கு அடுத்த ஏப்ரல் 15 முதல் மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். 2023-ல் பிடித்த பணத்தைக் கேட்க 2027 ஏப்ரல் 15 கடைசி நாள். 2024-ல் பிடித்ததற்கு 2028 ஏப்ரல் 15.